இரண்டு வயது வாலோடு முதல் வீட்டுக் கிறிஸ்துமஸ்: எதை வழக்கமாக்குவது?

நித்திலம்
எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு இரண்டு வயது முடிகிறது. இதுவரை கிறிஸ்துமஸுக்குப் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்விடுவோம். மரம், குடில், சமையல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவதுதான் எங்கள் வேலை. இந்த வருடம் எங்கள் வீட்டிலேயே, நாங்கள் மூன்று பேர் மட்டும். "நமக்கென்று சில வழக்கங்களை இப்போதே ஆரம்பித்துவிட வேண்டும்" என்கிறார் கணவர். எனக்கும் ஆசைதான், ஆனால் இணையத்தில் தேடினால் தலை சுற்றுகிறது. குடும்பத்துக்கே ஒரே மாதிரி பைஜாமா, 24 நாளுக்கு 24 கைவேலை, தினமும் ராத்திரி இடம் மாறும் எல்ஃப் பொம்மை, கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம், மாவில் கைரேகை. எங்கள் வீட்டு வாலுக்கோ இப்போதைக்கு ஒரே பொழுதுபோக்குதான்: கையில் கிடைப்பதையெல்லாம் கொண்டுபோய் யாருடைய செருப்புக்குள்ளாவது போடுவது.

இதில் எதை எடுப்பது, எதை விடுவது? மரம் வைத்தால் தாங்குமா? நள்ளிரவுத் திருப்பலிக்கு இவனைத் தூக்கிக்கொண்டு போவது சரியா? அப்புறம் ஒரு வீட்டு வழக்கு: அவர் வீட்டில் 24 இரவே பரிசுகளைப் பிரித்துவிடுவார்கள், எங்கள் வீட்டில் 25 காலை கோவிலுக்குப் போய் வந்த பிறகுதான் தொடவே விடுவார்கள். யார் கட்சி ஜெயிக்க வேண்டும்?

கடைக்குட்டி_அப்பா
மூன்று பிள்ளைகளின் அப்பா என்ற அதிகாரத்தில் சொல்கிறேன்: குறைவாக ஆரம்பியுங்கள். இரண்டு வயதில் நீங்கள் விளையாட்டாகச் செய்வது மூன்று வயதில் ஞாபகமாகி, நான்கு வயதில் சட்டமாகிவிடும். "போன வருஷம் செஞ்சோமே!" என்று ஒரு வழக்கறிஞர் வீட்டுக்குள் வளர்ந்துவிடுவார். அந்த எல்ஃப் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முழுக்க, எவ்வளவு தூக்கம் வந்தாலும், ராத்திரி எழுந்து அதை இடம் மாற்ற வேண்டும். பிள்ளைக்கு எட்டு வயது வரை. நடுவில் இன்னொரு குழந்தை பிறந்தால் தண்டனைக் காலம் நீளும்.

அதனால் புதிதாக எதையும் சேர்க்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டில் இருவருக்கும் காய்ச்சலடிக்கும் டிசம்பரில் இதைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவிளக்கு
நித்திலம், நான் வாக்களிப்பது திருவருகைக்கால வளையத்துக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறு, நான்கு மெழுகுவர்த்தி. முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு, இப்படி. 24 கட்டம் போட்ட நாட்காட்டி நான்கு வயதுக்கு மேல்தான் ருசிக்கும். சின்னவர்களுக்கு "இன்னும் பதினேழு நாள்" என்றால் ஒன்றும் விளங்காது. ஆனால் "இப்போது எத்தனை எரிகிறது? இன்னும் ஒன்று மிச்சம்" என்பது கண்ணுக்குத் தெரியும்.

இந்த வளையம் பிறந்த கதையே குழந்தைகளின் நச்சரிப்புதான். 1839-ல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விகர்ன் என்ற லுத்தரன் போதகரிடம், "கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா?" என்று பிள்ளைகள் தினமும் கேட்டார்களாம். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்தியும் வைத்தார். வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது அது நான்காகச் சுருங்கியது. நம்மைப் போன்ற சோம்பேறிகள் அந்தக் காலத்திலும் இருந்திருக்க வேண்டும்.

செலவில்லை, ஐந்து நிமிட வேலை, ஒரு சின்ன ஜெபம் அல்லது பாட்டு. நெருப்பு பயம் என்றால் இப்போது பேட்டரி மெழுகுவர்த்தி கிடைக்கிறது, அதைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடலாம்.

வார்டு_அக்கா
திருவிளக்கு, கடைசி வரியில் மட்டும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை, மன்னிக்கவும். நான் குழந்தைகள் வார்டில் செவிலியர்.

அந்தக் குட்டி பேட்டரி மெழுகுவர்த்திகள் பலவற்றின் அடியில் இருப்பது பொத்தான் பேட்டரி. தட்டையாக, பளபளவென்று, நாணயம் மாதிரி. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் ஈரத்தில் மின்னோட்டம் ஓடி, இரண்டே மணி நேரத்தில் உள்ளே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். 20 மில்லிமீட்டர் லித்தியம் வகைதான் மிக மோசம், ஏனென்றால் சின்னக் குழந்தையின் தொண்டைக்குக் கீழே சிக்குகிற அளவு அது. பார்த்தால் குழந்தை சாதாரணமாகவே இருக்கும். கொஞ்சம் எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், அவ்வளவுதான். "சளி போல" என்று பெற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருந்து பார்க்காமல், நேராக அவசர சிகிச்சைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியதாக இருந்தால் வாங்கலாம். நகத்தால் தள்ளினால் திறக்கிறது என்றால் கடையிலேயே வைத்துவிடுங்கள். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் தொப்பி, விளக்குச் சரத்தின் குட்டி ரிமோட், இவற்றையும் பாருங்கள். டிசம்பரில் வீட்டுக்குள் வரும் பொத்தான் பேட்டரிகளை எண்ணினால் நீங்களே அசந்துபோவீர்கள்.

அலங்காரப் பொருட்களுக்கு ஒரு சுலபமான அளவுகோல்: கழிவறைத் தாள் சுருளின் நடுவே இருக்கும் அட்டைக் குழாய். அதற்குள் நுழைகிற எதுவும் மூன்று வயது ஆகாத பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது. முழு முந்திரி, பாதாம், உருண்டை மிட்டாய் வைத்த தட்டுகளும் இதில் சேரும். சிவப்பு இலையோடு தொட்டியில் விற்கும் பாய்ன்செட்டியா செடியைக் கொடிய விஷம் என்பார்கள். அவ்வளவு பயம் வேண்டாம், அதன் பால் வாயையும் தோலையும் எரிச்சலாக்கும், சில சமயம் வயிறு கலங்கும். ஹாலி, மிசில்டோ பழங்களை மட்டும் அசலாக வைப்பதானால் உயரத்தில் வையுங்கள்.

இனி பயமுறுத்த மாட்டேன். கொண்டாடுங்கள்!

நித்திலம்
அக்கா, இதைப் படித்துவிட்டு ஆர்டர் போட வைத்திருந்த மெழுகுவர்த்தியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நகத்தால் தள்ளுகிற மூடிதான். எடுத்துவிட்டேன். மிக்க நன்றி.

மரத்தைப் பற்றி யாராவது?

அட்டைப்பெட்டி
மரம் தாங்கும், ஆனால் கட்டிப்போட வேண்டும். நான் சொல்வது மரத்தை. தண்டின் மேல் பாகத்தில் மீன்பிடி நரம்பைக் கட்டிச் சுவரில் ஒரு கொக்கியில் மாட்டிவிடுங்கள், கண்ணுக்கே தெரியாது. அசல் மரம் என்றால் அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியையும் மூடுங்கள், அதில் கை விட்டுக் குடிக்கிற பிள்ளைகள் உண்டு.

முதல் இரண்டு நாள் வெறும் மரமாகவே விடுங்கள். அப்புறம் விளக்கு. அதற்குப் பிறகுதான் அலங்காரம். ஒரே நாளில் எல்லாம் வந்தால்தான் அது பொம்மைக் கடை, மெதுவாக வந்தால் இரண்டாம் வாரத்தில் அது வீட்டு நாற்காலிகளில் ஒன்று. கண்ணாடி உருண்டைகள் மேல் பாதிக்கு. கீழ்ப் பாதிக்குத் துணி, மரம், கெட்டி அட்டை. ஜிகினா இழையை வாங்கவே வேண்டாம்.

எங்கள் மகள் கீழ்ப் பாதியை அவளே அலங்கரிப்பாள். அதாவது, அவள் மூக்குக்கு நேராக ஒரு கிளை இருக்கும். துணி நட்சத்திரம், மரக் குதிரை, மணி எல்லாம் அந்த ஒரே கிளையில்தான். கிளை தரையைத் தொடும். மற்ற கிளைகள் எல்லாம் மொட்டையாக நிற்கும். பார்க்க வரும் உறவுக்காரர்கள் தன்னிச்சையாகக் கை நீட்டி ஒன்றை எடுத்துப் பக்கத்துக் கிளையில் மாட்டுவார்கள். அவள் எழுந்து போய் அதை எடுத்துத் தன் கிளைக்கே கொண்டுவருவாள், ஒரு வார்த்தை பேசாமல், அவர்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே. எங்கள் வீட்டில் யாரும் திட்டமிட்டுத் தொடங்காத வழக்கம் இதுதான்: அந்தக் கிளையை யாரும் சரி செய்யக் கூடாது.

பழைய_பாட்டுக்காரர்
எல்லாரும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இரண்டு வயதுக்கு மரத்தைவிடக் குடில்தான் நெருக்கம். மரத்தைப் பார்க்கத்தான் முடியும். குடிலில் கதை இருக்கிறது, மாடு இருக்கிறது, பாப்பா இருக்கிறது.

1223-ல் இத்தாலியில் கிரெச்சோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ் வைக்கோல் போட்ட தீவனத் தொட்டியையும், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி அந்த இரவைக் கொண்டாடினார். பெத்லகேமில் குழந்தை பட்ட சிரமத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். படித்துத் தெரிந்துகொள்ள முடியாதவர்களுக்கு அது எட்டியது. நம் வீட்டில் படிக்கத் தெரியாதவர் யார்? அந்தக் குட்டிதான்.

பீங்கான் குடில் இருந்தால் அதை அலமாரியில் உயரத்தில் வையுங்கள். தரையில் இன்னொன்று: மரமோ துணியோ, உடையாதது, பெரிய உருவங்களாக. அது அவனுடையது. தொட்டால் திட்டக் கூடாது. கூடவே இரண்டு பழைய வழக்கங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று, 24 இரவு வரை தீவனத் தொட்டி காலியாக இருக்கட்டும், குழந்தை இயேசுவைக் கொண்டுவந்து வைப்பது பிள்ளையின் வேலை. இரண்டாவதுதான் என் செல்லம்: குழந்தை இயேசுவைத் தேடி வந்த ஞானிகளும் அவர்கள் ஒட்டகமும் ஆரம்பத்திலிருந்தே குடிலில் நிற்கக் கூடாது. வீட்டின் மறுகோடியில் கிளம்ப வேண்டும். தினம் கொஞ்சம் நகர்ந்து, ஜனவரி 6 திருக்காட்சி விழாவன்றுதான் வந்து சேர வேண்டும். காலையில் எழுந்ததும் "ஒட்டகம் எங்கே?" என்று தேடுவான் பாருங்கள்.

கடைக்குட்டி_அப்பா
ஐயா, இது எல்ஃப் பொம்மைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது போல இருக்கிறதே. இதையும் ராத்திரி ராத்திரி எழுந்து நகர்த்த வேண்டும்தானே?

பழைய_பாட்டுக்காரர்
இல்லை தம்பி. எல்ஃப் ரகசியமாக நகர வேண்டும், பிள்ளை பார்த்துவிட்டால் மாயம் போச்சு. ஒட்டகத்தைப் பிள்ளையே பகலில் நகர்த்தலாம். ஒரு வாரம் மறந்தாலும் ஒன்றுமில்லை, பாலைவனத்தில் ஓய்வெடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மௌனசாட்சி
குடிலை விளையாட்டுச் சாமானாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. என் அண்ணன் வீட்டில் பிள்ளைகள் மரியாள் பக்கத்தில் பிளாஸ்டிக் டைனோசரையும் ஒரு பேருந்தையும் நிறுத்திவைத்திருந்தார்கள். பெரியவர்கள் சிரித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். மரியாதை என்று ஒன்று வேண்டாமா?

பழைய_பாட்டுக்காரர்
உங்கள் வருத்தம் புரிகிறது. அதனால்தான் இரண்டு குடில் என்றேன்; மேலே இருப்பதன் முன் ஜெபம், கீழே இருப்பதில் விளையாட்டு. ஆனால் ஒன்று: லூக்கா நற்செய்தியின் பிறப்புக் கதையில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. எசாயா முதல் அதிகாரத்தில் வரும் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு அவை பின்னால் வந்து சேர்ந்தன. அவற்றுக்கு இடம் கொடுத்தவர் டைனோசரைத் துரத்துவாரா என்ன? மத்தேயுவும் ஞானிகள் மூன்று பேர் என்று எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. அதனால் ஒருவர் சோஃபாவுக்கு அடியில் தொலைந்துபோனாலும் வேத விரோதம் ஆகாது.

மௌனசாட்சி
இரண்டு குடில் சரி. டைனோசர் சரியில்லை. இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கணக்கு_சரி
கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். இந்த வயதில் நடப்பது எதுவும் அவனுக்கு நினைவிருக்கப் போவதில்லை. பெரும்பாலான பெரியவர்களின் முதல் நினைவே மூன்று, மூன்றரை வயதுவாக்கில்தான் ஆரம்பிக்கிறது. அப்படியிருக்க இத்தனை மெனக்கெடல் யாருக்காக? புகைப்படத்துக்காகவா?

அட்டைப்பெட்டி
பாதி சரி. பெரியவனான பிறகு இந்த வருடத்தைச் சொல்லத் தெரியாதுதான். அதற்காக இப்போது அவனுக்கு ஒன்றும் தங்காது என்று ஆகிவிடாது. குளியல், சாப்பாடு, கதை, தூக்கம் என்ற வரிசையில் கதையை விட்டுப் பாருங்கள், உடனே எதிர்ப்பு கிளம்பும். இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் புதுமையைவிட மறுபடியும் வருவதில்தான் ருசி. ஒரே புத்தகத்தை நூறு முறை படிக்கச் சொல்வது அதனால்தான். டிசம்பரில் நான்கு ஞாயிறும் அதே இடம், அதே பாட்டு என்றால் மூன்றாவது வாரம் அவனே விளக்கை அணைக்க ஓடுவான்.

இன்னொன்றும் இருக்கிறது. வழக்கம் என்பது முதலில் பெற்றோருக்குப் படிய வேண்டியது. அவனுக்கு ஐந்து வயதாகும்போது உங்களுக்கு அந்தப் பாட்டு மனப்பாடமாகியிருக்கும். அந்த வகையில் இந்த இரண்டு, மூன்று வருடங்கள் ஒத்திகைக்காலம். பிடிக்காததைத் தூக்கி எறியலாம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

கணக்கு_சரி
ஒத்திகை என்றால் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் பரிசுக்கும் இதே கணக்குதான். 2018-ல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 18 முதல் 30 மாதக் குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும், இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றையும் அதிக நேரம், அதிக விதங்களில் வைத்து விளையாடினார்கள். சின்ன ஆய்வுதான், 36 குழந்தைகள். ஆனால் வீட்டில் பார்ப்பதும் அதுதானே? பத்துப் பெட்டி கொடுத்தால் இரண்டாவதைப் பிரித்ததும் அதன் உள்ளேயே உட்கார்ந்துவிடுவான். மிச்சம் எட்டையும் நாம்தான் பிரித்து, நாம்தான் "ஐ! பார்!" என்று கத்திக்கொண்டிருப்போம்.

நித்திலம்
ஐயோ, அதேதான். ஆனால் தாத்தா பாட்டி, சித்தி, அத்தை என்று எல்லாரிடமிருந்தும் வருமே, அதை எப்படித் தடுப்பது?

சித்தி_நம்பர்_ஒன்
தடுக்காதீர்கள், மனசு சங்கடப்படும். பரத்திவிடுங்கள். கிறிஸ்துமஸ் காலம் 25-ந் தேதியோடு முடிவதில்லை, ஜனவரி 5 வரை பன்னிரண்டு நாள் என்பது பழைய கணக்கு. நாளுக்கு ஒன்று, அனுப்பியவரை வீடியோவில் அழைத்து, அவர் கண்ணெதிரே பிரியுங்கள். அனுப்பிய பாட்டிக்கும் தன் பொம்மையை வைத்து விளையாடுவதை முழுசாகப் பார்த்த திருப்தி. முன்கூட்டியே கேட்பவர்களிடம் புத்தகம், களிமண், கிரேயான் என்று சொல்லிவிடலாம்.

உங்கள் 24 / 25 வழக்குக்கும் இதுவே தீர்ப்பு. அவர் வீட்டு முறைப்படி 24 மாலை ஒன்று, உங்கள் முறைப்படி 25 காலை ஒன்று. மாமியாரிடம் சொல்லும்போது "உங்கள் வழக்கத்தைத்தான் முதலில் வைத்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள், பொய்யில்லை, 24 முதலில்தான் வருகிறது.

வார்டு_அக்கா
தேதியைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு 25-ந் தேதி டியூட்டி விழும். அப்போது எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் அடுத்த விடுப்பு நாளில்தான். இரண்டு வயதுக்கு நாட்காட்டி படிக்கத் தெரியாது, அம்மா வீட்டில் இருக்கும் நாள் எதுவோ அதுதான் பண்டிகை. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஜனவரி 7-ல் கொண்டாடுகின்றன, அவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நள்ளிரவுத் திருப்பலி பற்றி யாரும் சொல்லவில்லையே. பெரும்பாலான கோவில்களில் மாலையிலேயே ஒரு பூசை உண்டு. மதியத் தூக்கம் முடிந்து, வயிறு நிறைந்து, ஓரத்து இருக்கையில். நள்ளிரவுக்குப் போக ஆசை இருந்தால் ஒருவர் போகட்டும், ஒருவர் வீட்டில். அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்ட குழந்தையோடு 25-ந் தேதியைக் கழிப்பது யாருக்கும் பண்டிகை ஆகாது.

தூக்கக்கலக்கம்
கிறிஸ்துமஸ் தாத்தாவை என்ன செய்வது? எங்கள் பெண்ணுக்கும் இரண்டு. மனைவி வேண்டும் என்கிறார், எனக்குப் பொய் சொல்ல மனமில்லை.

கடைக்குட்டி_அப்பா
இரண்டு வயதில் தீர்ப்பு எழுத அவசரமே இல்லை, அவள் கேட்கப்போவதில்லை. மூன்றரை வயதில் கேட்பாள், அதற்குள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். நடுவழி வேண்டுமானால் டிசம்பர் 6 இருக்கிறது: மீரா நகரத்து ஆயர் புனித நிக்கோலாஸின் நாள். ரகசியமாகக் கொடுத்தவர் என்று கதை சொல்லி, அன்றைக்கு யாருக்காவது நீங்கள் ஒன்று கொடுக்கலாம். எதுவானாலும் தாடி வைத்த அந்நியர் மடியில் வலுக்கட்டாயமாக உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டாம். அலறும் குழந்தையின் படம் பெரியவர்களுக்கு மட்டும்தான் வேடிக்கை.

நித்திலம்
எல்லாவற்றையும் கணவரிடம் உரக்கப் படித்துக் காட்டிவிட்டேன். முடிவு: ஞாயிறு விளக்கு, தரையில் ஒரு துணிக் குடில், நடக்கிற ஒட்டகம். மரம் சின்னது, சுவரில் கட்டியது. பைஜாமா கணவருக்கு ஆசையாக இருப்பதால் அவர் மட்டும் வாங்கிக்கொள்ளட்டும். எல்ஃபுக்கு வீட்டில் இடமில்லை. 24 மாலை பூசை, வந்ததும் ஒரு பரிசு, மறுநாள் காலை ஒரு பரிசு, மற்றது சித்தி சொன்னபடி தாத்தா பாட்டிக் கணக்கில்.

மௌனசாட்சி, டைனோசர் பற்றி வாக்குறுதி தர முடியாது. முயற்சி செய்கிறேன்.

அட்டைப்பெட்டி
ஜனவரியில் எல்லாவற்றையும் கட்டி வைக்கும்போது பெட்டிக்குள்ளே ஒரு தாளில் எழுதிப் போடுங்கள்: எதைப் பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்டது, எதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மரத்துக்குக் கொக்கி எந்தச் சுவரில். அடுத்த நவம்பரில் இணையத்தில் தேட வேண்டியிருக்காது.

வார்டு_அக்கா
மெழுகுவர்த்தி கிடைத்ததா நித்திலம்? திருகாணி மூடி?

நித்திலம்
கிடைத்தது அக்கா. திருகாணி அவ்வளவு இறுக்கம், எங்களாலேயே திறக்க முடியவில்லை. பேட்டரி இன்னும் வெளியேதான் இருக்கிறது, உயர அலமாரியில், பூட்டி. கணவர் பக்கத்து வீட்டில் குட்டி ஸ்க்ரூடிரைவர் கேட்கப் போயிருக்கிறார், அந்தப் பைஜாமாவோடு.